மறுமொழி: ‘ஆரல் டாலரன்ஸ்’ – சகிப்பு வேண்டாமே

ஐயா, வணக்கம்.

> ‘வாய்வழிச் சகிப்புத்தன்மை’ ஏற்கெனவே புழங்குகிறதே, புதுச்சொல் எதற்கு?

வாய்வழி உண்ணும் உணவைத் தடுப்பாற்றல் எதிர்க்காமல் ஏற்றுக்கொள்வதைத்தான் ஆங்கிலத்தில் ‘ஆரல் டாலரன்ஸ்’ (oral tolerance) என்கிறார்கள். அதற்குத் தமிழில் நீங்கள் சொல்லும் சொல் புழங்குவது உண்மைதான். ஆனால் குடல் எதிர்ப்பாற்றல் ஆய்வாளர் ஃபியோனா பவ்ரியைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தேன், இரண்டாம் பத்தியிலேயே அந்தச் சொல் மடக்கிவிட்டது. சகிப்பவர் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருப்பவர். குடல் அப்படிச் சும்மா இருப்பதில்லை என்று காட்டித்தான் அந்த அம்மையார் பெயர் பெற்றார். 1993இல் வந்த ஆய்வில், தடுப்பாற்றல் இல்லாத எலிகளுக்கு டி செல்களில் (தடுப்பாற்றல் வெள்ளணுக்களில்) ஒருவகையை மட்டும் ஏற்றினார்கள். பெருங்குடல் அழன்று புண்ணானது. இன்னொரு வகை டி செல்களையும் சேர்த்து ஏற்றியபோது எலிகள் தப்பின. ஆக, குடலின் அமைதி ஆள் வைத்துக் காக்கிற அமைதி.

அப்புறம், ‘லாக்டோஸ் சகிப்பின்மை’ என்று வேறு இருக்கிறது. அது பால் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கவைக்கும் லாக்டேஸ் நொதி குறைவதால் வருவது, தடுப்பாற்றலின் வேலையே அல்ல. இங்கும் சகிப்பு என்றால் வாசகர் இரண்டையும் எதிர்ப்பதம் என்றே எடுத்துக்கொள்வார்.

இதே உரையாடலில் மருத்துவர் அம்மா ஒருவர் இதற்குச் சொன்ன ‘ஒவ்வுமை’ அழகான சொல். ஆனால் ‘ஒவ்வாமை’க்கும் அதற்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அச்சுப்பிழை நேர்ந்தால் பொருள் தலைகீழ். மருந்துச் சீட்டில் அந்த வம்பு வேண்டாம்.

என் பரிந்துரை ‘உணவிணக்கம்’. ‘இணங்கு’ என்ற வினை கையில் இருப்பதால் வாக்கியம் தடையில்லாமல் ஓடுகிறது. லண்டனில் ஒவ்வாமை வரக்கூடிய 640 குழந்தைகளிடம் நடந்து, 2015இல் வெளியான நிலக்கடலை ஆய்வை வைத்து எழுதிப் பார்த்தேன்: “கைக்குழந்தையிலிருந்தே கடலை தின்றவர்களின் உடல் கடலைக்கு இணங்கியது, ஐந்து வயதில் அவர்களில் 3.2 விழுக்காட்டினருக்கே கடலை ஒவ்வாமை, தவிர்த்தவர்களில் 17.2.” அதில் ‘கடலையைச் சகித்தது’ என்று போட்டுப் பாருங்கள், கடலை ஏதோ குற்றம் செய்ததுபோல் இருக்கும்.

பவ்ரியின் ஆய்வு பெரும்பாலும் குடல் பாக்டீரியாக்களைப் பற்றியது. அங்கே ‘நுண்ணுயிர் இணக்கம்’ என்றால் சரி.

ஒரே இடத்தில் இடிக்கிறது. பொதுச்சொல்லாக ‘நோயெதிர்ப்பு’டன் ‘இணக்கம்’ சேர்ந்தால் ‘நோயெதிர்ப்பிணக்கம்’ ஆகிவிடுகிறது. காதில் ‘பிணக்கம்’ என்றே விழுகிறது! ‘தடுப்பாற்றல் இணக்கம்’ என்று பிரித்தே எழுதிவிடலாமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.