ஓட்டை ஓட்டையா ஒரு இரும்புத் தகடு, ஏரோபிளேன் சாமானாம். யாருக்காவது தெரியுமா?

மோரே பேரன்:
வணக்கம். நான் இருக்கறது சென்னைல, ஆனா சித்தப்பா வீடு மணிப்பூர்ல மோரே, பர்மா பார்டர் ஓரமா. தாத்தா 1964ல ரங்கூன விட்டு மெட்ராஸ் வந்து, இங்க பொழப்பு ஓடல, திரும்ப பர்மாவுக்கே போயிடலாம்னு தரைவழியா கெளம்பி, பார்டர்ல உள்ள விடாததால அங்கயே தங்கிட்டவரு. போன வாரம் அங்க போயிருந்தேன். கொல்லைப்புற வேலி பூராவும் நீட்டு நீட்டு இரும்புத் தகடு, வரிசையா வட்ட ஓட்டை. ஒண்ண சாக்கடை மேல போட்டு சித்தி அதுமேல உக்காந்துதான் மீன் கழுவுறாங்க, அந்த இடம் மட்டும் தேஞ்சு வழவழன்னு வெள்ளி மாதிரி இருக்கு, மத்ததெல்லாம் துரு. தாத்தா "இது ஏரோபிளேன் சாமான்"னு சொல்லுவாராம், அதுக்கு மேல யாருக்கும் தெரியல. இப்ப பழைய இரும்புக்காரர் கிலோ கணக்குல கேக்கறாரு, சித்தப்பா குடுத்துடலாம்ங்கறாரு. எனக்கு மனசு வரல. இன்னொரு பிரச்சனை, ரெண்டு தகடு ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு பிரியவே மாட்டேங்குது, சுத்தியால அடிச்சுப் பாத்தும் அசையல. இது என்ன சாமான்?

குவாரி குமார்:
ஏரோபிளேன்லாம் இல்ல தம்பி, ஜல்லி சலிக்கிற சல்லடை. எங்க கிரஷர்ல இதே மாதிரி கெடக்கு.

மோரே பேரன்:
சல்லடைன்னா ஓட்டை ஓரம் தட்டையா இருக்கும்ல அண்ணா? இதுல ஒவ்வொரு ஓட்டையோட ஓரமும் கீழ்ப்பக்கமா மடிஞ்சு இறங்கியிருக்கு, பணியாரக் குழிக்கு அடியில ஓட்டை போட்டா எப்டியிருக்கும், அப்டி.

லாரி செட்டு:
ஆர்மி வண்டி சேத்துல மாட்டுனா டயருக்கு அடியில போடுவாங்களே, அந்தப் பலகை மாதிரி தெரியுது. வட நாட்டுப் பக்கம் மிலிட்டரி லாரி சைடுல தொங்கறத பாத்திருக்கேன்.

ஓய்வுபெற்ற ஏர்மேன்:
லாரி செட்டு சொல்றது பாதி சரி, ஆனா அதுக்காகச் செஞ்சது இல்ல. தம்பி, முடிவா சொல்றதுக்கு முன்னாடி நாலு விஷயம் பாத்துச் சொல்லுங்க. முழுத் தகடு நீளம் அகலம் எவ்ளோ, ஓட்டை எத்தன வரிசை, ஒரு வரிசைல எத்தன, காந்தம் ஒட்டுதா. அப்புறம் நீட்டுவாக்குல ஒரு ஓரத்துல கொக்கி, எதிர் ஓரத்துல பொளவு இருக்கான்னும் பாருங்க. கோத்துக்கிட்டிருக்கறத தயவுசெஞ்சு சுத்தியால அடிக்காதீங்க.

மோரே பேரன்:
சித்தப்பா பையன விட்டு அளக்கச் சொன்னேன். நீளம் 10 அடி, அகலம் 15 இஞ்ச். 3 வரிசை. ஒரு வரிசைக்கு 29 ஓட்டை, சாக்பீஸ்ல நம்பர் போட்டு ரெண்டு தடவ எண்ணுனானாம். காந்தம் ஒட்டுது. இரும்புக் கடைத் தராசுல 28 கிலோ. ஒரு பக்கம் எல் மாதிரி கொக்கி, மறுபக்கம் பொளவு, நீங்க சொன்னமாதிரியே. ஆனா ஒரே ஒரு தகடு மட்டும் 5 அடி தான், யாரோ வெட்டிட்டாங்க போல.

ஓய்வுபெற்ற ஏர்மேன்:
முடிஞ்சுது சந்தேகம். 29 மூணு 87 ஓட்டை, இது பிஎஸ்பி ஷீட், ரன்வே தகடு. உங்க தாத்தா சொன்னது தப்பே இல்ல, ஏரோபிளேன் எறங்கற தரையே இதுதான். மார்ஸ்டன் மேட்னும் சொல்லுவாங்க, அமெரிக்கால வட கரோலினால மார்ஸ்டன்ங்கற ஊர்ல 1941 நவம்பர்ல முதல்ல விரிச்சுப் பாத்ததால அந்தப் பேரு. புதுசுல 66 பவுண்டு, அதாவது 30 கிலோ. இத்தன வருஷத்துல துரு தின்னது போக 28 நிக்குதுன்னா பரவால்லயே. காந்தம் ஏன் கேட்டேன்னா அலுமினியத்துலயும் இதே சாமான் உண்டு, அது கிட்டத்தட்ட பாதி எடை தான்.

ஓட்டை எதுக்குன்னா, எடை கொறையும், மழைத்தண்ணி நிக்காம கீழ போயிடும், ஓட்டை வழியா புல்லு மொளச்சா மேலேர்ந்து பாக்கறவனுக்கு ரன்வேன்னே தெரியாது. அந்த மடிஞ்ச ஓரம் தான் தகடுக்கு வலு, அது இல்லன்னா விமானம் எறங்குனதும் வளைஞ்சிடும். வயக்காட்ட சமப்படுத்தி ஆளுங்களே தூக்கிப் போட்டுக் கோத்துக்கிட்டே போவாங்க. 5,000 அடி நீளம் 150 அடி அகலத்துல ஒரு ஓடுதளத்துக்கு 60,000 தகடு வேணும், கணக்கு போட்டுப் பாருங்க.

அந்த 5 அடிய யாரும் வெட்டல. செங்கல் கட்டறப்ப ஒரு வரி விட்டு ஒரு வரி அரைக்கல்லுல ஆரம்பிப்போம்ல, அதே கதை. மூட்டெல்லாம் ஒரே நேர்ல வராம இருக்க பாதித் தகடும் கூடவே அனுப்புவாங்க.

இப்ப பிரிக்கற வழி. பொளவுக்குள்ள கொக்கிக்குப் பக்கத்துல சின்னதா வளைஞ்ச ஸ்பிரிங் கிளிப் இருக்கும், துருவோட துருவா கலந்து கண்ணுக்கே தெரியாது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்ங்க, மண்ணெண்ணெய் ஊத்தி ஒரு ராத்திரி விடுங்க, அப்புறம் கிளிப்ப நெம்பி எடுங்க. எடுத்ததும் ஒரு தகட நீளவாக்குல தள்ளணும், மேல தூக்கக் கூடாது. கொக்கி பொளவோட அகன்ற எடத்துக்கு வந்தப்புறம் தானா கழண்டுக்கும்.

லாரி செட்டு:
அடேங்கப்பா. அப்ப மோரேலயே ஏரோட்ரோம் இருந்துச்சா?

ஓய்வுபெற்ற ஏர்மேன்:
பக்கத்துலயே பார்டருக்கு அந்தாண்ட டாமுல இருந்துச்சு. இந்தாண்ட இம்பால் போற ரோட்டுல பலேல், அப்புறம் துலிஹால், கங்லா, வாங்ஜிங், சபாம். ரெண்டாம் உலகப்போர்ல ஜப்பான் படை வந்து 1944 மார்ச் கடைசில கோஹிமா ரோடு அடைபட்டு ஜூன் 22ல தான் திறந்துச்சு, அதுவரைக்கும் இம்பாலுக்கு அரிசிலேர்ந்து குண்டு வரைக்கும் எல்லாமே வானத்துல தான். துலிஹால் தான் இப்ப இம்பால் ஏர்போர்ட். சண்டை முடிஞ்சதும் இந்தத் தகடெல்லாம் வேலி, பாலம், மாட்டுக்கொட்டாய்னு ஆயிடுச்சு, வடகிழக்குல நான் வேலை பாத்த ஊரெல்லாம் பாத்திருக்கேன். உங்களுது எந்த ஓடுதளத்துதுன்னு தகட வெச்சு சொல்ல முடியாது, எல்லாம் ஒரே அச்சு.

அதே சண்டைல, டாமுலேர்ந்து பர்மாவுக்குள்ள கலேவா போற ரோட்டுக்கு சணல் துணிய தார்ல முக்கி விரிச்சாங்க, தெரியுமா? அதெல்லாம் மக்கிப் போச்சு.

குவாரி குமார்:
சல்லடைன்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன்.

மோரே பேரன்:
ஏர்மேன் அண்ணா, நெசமாவே கிளிப் இருந்துச்சு! விரல் நகம் அளவுக்கு மண்ணு அடைச்சிருந்துது, ரெண்டு நாள் மண்ணெண்ணெய் ஊத்துனதுக்கு அப்புறம் ஸ்குரூ டிரைவர்ல நெம்புனா டிங்னு தெறிச்சு கோழிக்கூண்டுக்கு அடியில போய் விழுந்துடுச்சாம், இன்னும் தேடிக்கிட்டு இருக்காங்க. தள்ளுனதும் ரெண்டும் தனித்தனியா வந்துடுச்சு. சித்தப்பா இப்ப விக்க மாட்டேங்கறாரு, வர்றவங்க போறவங்ககிட்டலாம் எங்க வீட்டு வேலி மேல பிளேன் எறங்கிருக்குன்னு சொல்லிக்கிட்டு இருக்காராம். சித்தி மட்டும் மீன் கழுவுற தகட தரமாட்டேன்னுட்டாங்க. துருவுக்கு என்ன அடிக்கலாம்?

குவாரி குமார்:
பிரஷ் போட்டு உதுத்துட்டு ரெட் ஆக்சைடு ரெண்டு கோட்டு. இதுல எனக்கு சந்தேகமே இல்ல.