‘மீட்பு முக்குளிப்பாளர்’: ஒரு மாற்றுப் பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

காற்று உருளையைச் சுமந்து நீருக்கடியில் மூழ்கும் ஸ்கூபாவில் சக முக்குளிப்பாளரைக் காப்பாற்றப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவரை ‘மீட்பு முக்குளிப்பாளர்’ எனலாம் என்ற முன்மொழிவைப் படித்தேன். முத்துக் குளித்தல், சங்கு குளித்தல் என்று பேசிப் பழகிய மொழியில் ‘முக்குளிப்பாளர்’ இயல்பாகவே நிற்கும். என் தயக்கமெல்லாம் ‘மீட்பு’ பற்றியதுதான். மூழ்கிய படகை மேலே கொண்டுவருவதும், நீரில் இறந்தவரின் உடலைத் தேடி எடுப்பதும் தமிழில் மீட்பே. அவை தனித் தொழில்கள். அவற்றுக்கான பயிற்சியும் வேறு.

நாம் பெயரிட முயலும் பயிற்சி உயிரோடிருப்பவரைப் பற்றியது. முதலுதவியும், மார்பை அழுத்தியும் மூச்சு ஊதியும் உயிரூட்ட முயலும் சி.பி.ஆர். முறையும் அண்மையில் கற்றிருக்க வேண்டும் என்பது இதன் வழக்கமான முன்நிபந்தனை. நீர்மட்டத்தில் பீதியடைந்த ஒருவர் அருகில் வருபவரைப் பற்றிக்கொண்டு மேலேற முயல்வார் என்பதால், பின்புறமாக அணுகி, அவருடைய காற்று உருளையைப் பிடித்து, மிதவைச் சட்டையில் காற்றை நிரப்பவும், தேவையானால் எடைக்கட்டிகளைக் கழற்றிவிடவும் மாணவர் பழகுகிறார். மூச்சற்றவரைக் கரைக்கு இழுத்துச் செல்கையில், ஏறத்தாழ 5 நொடிக்கு ஒருமுறை மூச்சு ஊதியபடியே இருவருடைய கருவிகளையும் ஒவ்வொன்றாகக் களைய வேண்டும். அந்த ஒழுங்கு தவறாமல் கைகூடுவதற்குத்தான் மீண்டும் மீண்டும் பயிற்சி தரப்படுகிறது. ஆகவே ‘உயிர்காப்பு முக்குளிப்பாளர்’ என்பதே பொருளுக்கு நெருக்கமானது என்று கருதுகிறேன்.

இதனோடு சேர்த்து முடிவு செய்ய வேண்டிய இன்னொரு சொல்லும் உண்டு: ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரெஸ்’ (stress) எனப்படுவதற்கான தமிழ்ச்சொல். என் பார்வையில் அதுவே கூடுதல் முக்கியமானது. விபத்து நேருமுன் சோர்வு, குளிர், அச்சம், வேகமான மூச்சு ஆகியவற்றைப் பிறரிடம் கண்டறிவதே இப்பயிற்சியின் அடித்தளம். முக்குளிப்புப் பயிற்சிக்குச் சான்றிதழ் வழங்கும் எஸ்.எஸ்.ஐ. அமைப்பு தன் பாடத்தின் பெயரிலேயே ‘ஸ்ட்ரெஸ்’ என்பதை மீட்புக்கு முன்னால் வைத்திருக்கிறது. இந்நிலையைத் தமிழில் ‘அழுத்தம்’ என்று எழுதிவிடுகிறோம். ஆனால், கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தில் இருப்பதைப்போல் இரு மடங்காகிறது என்று கற்பிக்கும் அதே பாடநூலில், ‘அழுத்தத்துக்கு உள்ளானவரை உடனே மேலே அழைத்து வருக’ என்று எழுதினால், மாணவர் எந்த அழுத்தம் என்று கொள்வார்? மனநிலையைக் குறிக்க இலங்கைத் தமிழில் வழங்கும் ‘உளநெருக்கீடு’ நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதிலிருந்து ‘நெருக்கீடு’ என்பதை எடுத்துக்கொண்டால் உடற்சோர்வையும் உள்ளடக்கலாம்; ‘அழுத்தம்’ நீருக்கும் காற்றுக்கும் மட்டும் உரியதாகும். நெருக்கீடு முற்றிக் கட்டுப்பாடு இழந்த நிலைக்குப் ‘பீதி’ போதும்.

நீச்சல் குளத்தில் காவல் இருப்பவரை ‘உயிர்காப்பாளர்’ என்கிறோமே, குழப்பம் வராதா என்று கேட்கலாம். அவர் நீருக்கு வெளியே இருந்து கண்காணிப்பவர். இவர் உடன் மூழ்குபவர். அவ்வேறுபாட்டை ‘முக்குளிப்பாளர்’ என்ற பின்பாதியே காட்டிவிடும். இருந்தும் ‘மீட்பு’தான் வேண்டும் என்போர், உடலைத் தேடி எடுக்கும் முக்குளிப்பாளருக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்பதையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.