சைகைமொழிப் புரிதிறன்: ஒரு சொல் முன்மொழிவு

காது கேளாத குழந்தைகளுக்குச் சைகைமொழி எந்த அளவுக்கு விளங்குகிறது என்பதை அளக்கும் முறைக்குச் 'சைகைமொழிப் புரிதிறன் மதிப்பீடு' என்ற தொடரை முன்மொழிகிறேன். ஆங்கிலத்தில் 'receptive skills' எனப்படும் இத்திறனுக்கு முன்னர்ப் பரிந்துரைக்கப்பட்ட 'ஏற்புத்திறன்' பிழையான சொல்லன்று. ஆயினும் ஏற்பு என்றதும் இசைவு, ஒப்புதல் என்ற பொருளே முந்திக்கொள்கிறது. 'கேட்டறிதல்' பொருந்தாது என்பதை விளக்கத் தேவையில்லை. 'உள்வாங்கும் திறன்' பாதி வழியில் நின்றுவிடுகிறது. கையசைவைப் பார்த்து அப்படியே திருப்பிச் செய்துகாட்டும் குழந்தைக்கு அதன் பொருள் விளங்கியிருக்க வேண்டும் என்பதில்லை.

'சைகைப் புரிதல்' என்று சுருக்கலாமே என்ற கருத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. சைகை என்பது எல்லோரும் செய்யும் கையசைவையும் குறிக்கும். குவளையை வாயருகே கொண்டுபோவது போன்ற அசைவைக் கண்டால், சைகைமொழியே அறியாத குழந்தையும் நீர் அருந்தும் படத்தைத் தொட்டுவிடும். அத்தகைய வினாவால் குழந்தையின் ஊகத்தை அளக்கலாம், மொழியறிவை அளக்க முடியாது.

ஆகவே நல்ல சோதனை இலக்கணத்தை நோக்கிச் செல்கிறது. ஓர் எடுத்துக்காட்டு: காணொளியில் ஒருவர் வண்டி என்னும் சைகையைச் செய்துவிட்டு, வண்டியைக் குறிக்கும் கைவடிவத்தைத் தமக்கு முன்னுள்ள வெளியில் வரிசையாகச் சில இடங்களில் பதித்துக் காட்டுகிறார். குழந்தையின் முன் நான்கு படங்கள் உள்ளன: ஒற்றை வண்டி, வரிசையாக நிற்கும் வண்டிகள், தாறுமாறாக நிற்கும் வண்டிகள், வரிசையாக நிற்கும் மனிதர்கள். ஒற்றை வண்டியைத் தொடும் குழந்தைக்குச் சொல் தெரிகிறது, பன்மை இன்னும் வசப்படவில்லை. தாறுமாறான வண்டிகளைத் தொடும் குழந்தைக்குப் பன்மை வந்துவிட்டது, வெளியைக் கொண்டு இடஅமைப்பைச் சொல்லும் முறை பிடிபடவில்லை. தவறான விடைதான் இங்கே கூடுதலாகப் பேசுகிறது.

1999-இல் ஹெர்மன், ஹோம்ஸ், வோல் ஆகிய மூவர் வெளியிட்ட பிரித்தானியச் சைகைமொழிச் சோதனையும் இவ்வாறு காணொளியும் படத்தெரிவும் கொண்டதே. அதில் 40 வினாக்கள் உண்டு. வட்டாரந்தோறும் சைகைகள் வேறுபடுவதால், அதில் வரும் சொற்கள் குழந்தைக்குத் தெரியுமா என்று முதலில் பார்த்துக்கொள்கிறார்கள். அமெரிக்க, ஆஸ்திரேலிய, ஜெர்மானியச் சைகைமொழிகளுக்கும் பின்னர் அது தழுவப்பட்டது. ஒவ்வொரு சைகைமொழிக்கும் தனி இலக்கணம் இருப்பதால் வினாக்களை வெறுமனே மொழிபெயர்த்தால் போதாது.

'சோதனை' என்பதை வினாத்தொகுப்புக்கு வைத்துக்கொண்டு, பெற்றோர், ஆசிரியர் தரும் தகவலையும் சேர்த்துப் பார்க்கும் முழு நடைமுறையை 'மதிப்பீடு' என்பதே முறை.

'புரிதிறன்' அறிவுக்கூர்மையாகத் தவறாகக் கொள்ளப்படலாம் என்ற எச்சரிக்கை நியாயமானது. காது கேளாத குழந்தைகளுள் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். பலர் சைகைமொழியைக் காண்பதே காலந்தாழ்ந்துதான். அத்தகைய குழந்தையின் குறைந்த மதிப்பெண்ணை அறிவுக்குறைவு என்று எழுதிவிடுவது பெரும் அநீதி. எனவே அட்டவணைத் தலைப்பில்கூடச் 'சைகைமொழி' என்ற முன்னொட்டை விடாமல் எழுத வேண்டும் என்பது என் கருத்து. இதன் இணைச்சொல்லாக, குழந்தை தானே சைகைமொழியில் கூறும் திறனுக்குச் 'சைகைமொழி வெளிப்பாட்டுத்திறன்' என்று கொள்ளலாம்; 'பேசுதிறன்' என்றால் வாய்ப்பேச்சோடு குழம்பிவிடும்.