மறு: குறிஞ்சி போலக் கூடிப் பூத்து மடியும் செடிகளுக்கு ஒரு சொல்

வணக்கம். பல ஆண்டுகள் வளர்ந்து, ஓரிடத்தில் ஒன்றாகப் பூத்து, காய்த்து மடியும் செடிகளின் வாழும் முறைக்கு ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். உங்கள் யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘பன்னிரண்டாண்டுப் பூப்பி’ என்று வைத்தால் எல்லோருக்கும் உடனே விளங்கும்.

விளங்கும், ஆனால் தவறாக விளங்கும். 12 ஆண்டு என்பது நீலக்குறிஞ்சியின் கணக்கு. மகாராஷ்டிரக் காடுகளில் மரங்களுக்கு அடியில் புதராக அடர்ந்து வளரும் கார்வியும் ஸ்ட்ரோபிலாந்தஸ்தான், அதாவது நீலக்குறிஞ்சியின் பேரினம்தான். அது 8 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. நம் சோலைக்காடுகளின் அடித்தட்டில் வளரும் மற்ற குறிஞ்சி வகைகளுக்கு வேறு வேறு கணக்கு. ஆண்டுதோறும் பூப்பவையும் உண்டு.

ஆண்டுக் கணக்கை விடுங்கள். ‘பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் செடி’ என்று செய்தியில் படிக்கிறவர் என்ன நினைப்பார்? மூணாற்றுச் சரிவில் ஒரே செடி 1994இல் பூத்தது, 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, 2030இலும் பூக்கும் என்றுதானே? 2006இல் பூத்த செடி விதை முற்றியதும் காய்ந்துபோயிற்று. 2018இல் மலையை நீலமாக்கியவை அதன் பிள்ளைகள். 2030இல் பூக்கப்போகிறவை பேரப்பிள்ளைகள். நாம் ஆக்கும் சொல்லில் இது தெரியாவிட்டால், சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு உடன்பாடில்லை. ‘இந்தமுறை பறித்தால் என்ன, அடுத்தமுறை பூக்கட்டுமே’ என்று கொத்துக் கொத்தாக ஒடித்துப் போகிறார்கள். ஒடித்த செடிக்கு அடுத்தமுறை கிடையாது. விதை விழாமல் போனால் அந்த இடத்தில் 12 ஆண்டுக் காத்திருப்பும் வீண்.

> அப்படியானால் ‘ஒருபூப்பு’ போதுமே?

நெருங்கி வந்துவிட்டீர்கள். ஆனால் பூப்பு என்றதும் பூப்பெய்துதல்தான் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். அதைத் தள்ளிவைத்தாலும் இன்னொரு தடை இருக்கிறது. பூ உதிர்ந்த கையோடு செடி மடிவதில்லை. சில மாதங்கள் நின்று, சேர்த்துவைத்த ஊட்டத்தையெல்லாம் விதைக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் காய்கிறது. அதனால் ‘ஒருகாய்ப்பு’ என்று முன்மொழிகிறேன். ஒரே ஒரு முறை காய்த்து மடியும் செடியைக் குறிக்கும் மோனோகார்ப்பிக் என்ற ஆங்கிலச் சொல்லின் கிரேக்க வேர்களும் ‘ஒன்று’, ‘கனி’ என்பவையே. ‘இந்த வருஷம் காய்ப்பு குறைவு’, ‘காய்ப்பு ஓய்ந்த மரம்’ என்று தோட்டத்தில் அன்றாடம் புழங்கும் சொல், யாருக்கும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டாம். மாவுக்கும் பலாவுக்கும் ‘பல்காய்ப்பு’ என்று இணைச்சொல்லும் தானாகக் கிடைத்துவிடுகிறது.

சரி, இது மட்டும் போதுமா? எள்ளும் கொள்ளும்கூட ஒருகாய்ப்புதான், ஒரே பருவத்தில் ஆயுள் முடிந்துவிடும். தாளிப்பனை பல பத்தாண்டுகள் வளர்ந்து, ஒரே ஒரு முறை உச்சியில் பெரிய பூங்கொத்து விட்டு, காய்த்து மடிகிறது. ஆனால் ஒவ்வொரு மரமும் தன் காலம் வந்தபோது தனியாகப் பூக்கிறது. குறிஞ்சியில் ஒரு சரிவு முழுவதும் ஒரே ஆண்டில் பூத்து, ஒரே ஆண்டில் மடிகிறது. இப்படிப் பல ஆண்டுகள் வளர்ந்து, கூட்டமாகப் பூத்துக் காய்த்து மடிவதை ஆங்கிலத்தில் குறிக்கும் பிளைட்டீசியல் என்ற சொல்லை ஸ்ட்ரோபிலாந்தஸ் குழுவை விவரிக்கும்போதுதான் பெரும்பாலும் பார்க்கிறோம். எனவே ‘கூட்டு’ என்பது உள்ளே வந்தாக வேண்டும்.

வெறும் காட்சி அழகுக்காக இதைச் சொல்லவில்லை. விதை தின்னும் பூச்சிகளும் எலிகளும் எவ்வளவு தின்றாலும் தீராத அளவுக்கு விதை ஒரே சமயத்தில் கொட்டுகிறது. நடுவிலுள்ள ஆண்டுகளில் அவற்றுக்கு இந்த இரை இல்லை, அதனால் இதை நம்பிப் பெருகவும் முடியாது. இப்படித் தப்பும் விதைதான் அடுத்த தலைமுறை என்பது அறிவியலாளர்கள் தரும் முக்கியமான விளக்கங்களில் ஒன்று. தனியாகப் பூக்கும் செடிக்கு இந்தக் காப்பு கிடையாது. ஆக, ‘கூட்டு ஒருகாய்ப்பு’. சேர்த்து எழுதினால் ‘கூட்டொருகாய்ப்பு’ என்றாகி நாக்கு இடறுகிறது, பிரித்தே எழுதலாம்.

> மூங்கிலுக்கும் குறிஞ்சிக்கும் ஒரே சொல்லா?

ஆமாம். ஒன்று புல் குடும்பம், மற்றது ஆடாதொடைக் குடும்பம். நாம் பெயர் வைப்பது வாழும் முறைக்கு. மிசோரத்தில் 48 ஆண்டுக்கு ஒருமுறை மூங்கில் கூட்டமாகப் பூத்துக் காய்த்து மடிவதும், அந்த விதையைத் தின்று எலிகள் அப்போதைக்குப் பெருகிப் பயிரைத் தின்பதும் இதே முறையின் இன்னொரு முகம்தான்.

ஒன்று பாக்கி. ஏறக்குறைய ஆண்டுதோறும் எங்கோ ‘குறிஞ்சி பூத்தது’ என்று செய்தி வருகிறது. அது வேறு வகைக் குறிஞ்சியாக இருக்கலாம், அல்லது வேறு கணக்கில் ஓடும் வேறொரு சரிவின் நீலக்குறிஞ்சியாக இருக்கலாம். ஆகவே கூட்டம் என்று நாம் சொல்வது, ஓரிடத்தில் ஓராண்டில் சேர்ந்து முளைத்த செடிகளை மட்டும்தான் என்று வரையறையில் எழுத வேண்டும். அந்தத் தொகுதிக்கு ‘உடன்முளை’ என்று வைக்கலாமா? ‘2018 உடன்முளை’, ‘2006 உடன்முளை’ என்று எழுதினால் பூத்த ஆண்டா முளைத்த ஆண்டா என்ற குழப்பம் வருகிறது. முளைத்த ஆண்டையே குறிக்கட்டும் என்பது என் எண்ணம். களத்தில் கணக்கெடுப்பவர்கள் எது வசதி என்று சொன்னால் அதன்படி வரையறையைத் திருத்திவிடலாம்.