ஷேர் பண்ண பிரிண்டர் மத்த ரெண்டு சிஸ்டத்துல வரமாட்டேங்குது, உதவுங்க

மன்னை ஜெராக்ஸ்:
வணக்கம். மன்னார்குடியில சின்னதா ஜெராக்ஸ், ஆன்லைன் வேலை பாக்குற கடை. சம்பாவுக்கு பயிர் காப்பீடு பதியிற நேரம், கடை தொறக்கறதுக்கு முன்னாடியே சிட்டா எடுக்க ஆளுங்க வந்து நிக்கிறாங்க. முன்னாடி மேசைல விண்டோஸ் 10 போட்ட மெஷின் புதுசா வாங்கி அதுல லேசர் பிரிண்டரை யுஎஸ்பில மாட்டி ஷேர் பண்ணிட்டேன். தங்கச்சி லேப்டாப்பும் விண்டோஸ் 10தான், உள்ள ஒரு பழைய விண்டோஸ் 7 இருக்கு. ரெண்டுலேர்ந்தும் உள்ள போனா யூசர்நேம் பாஸ்வேர்ட் கேக்குது, நான் தினமும் போடுற நாலு நம்பரைப் போட்டா தப்புங்குது. இப்ப பென் டிரைவ்ல பைலை ஏத்திட்டு எந்திரிச்சி எந்திரிச்சி ஓடிட்டு இருக்கோம், அதுக்குள்ள ஒரு பெரியவர் பஸ்ஸ விட்டுட்டாரு, மனசே கேக்கல.

குடந்தை சிஸ்டம் சர்வீஸ்:
தம்பி, அந்த நாலு நம்பர் பின், அது அந்த மெஷினுக்கு முன்னாடி உக்காந்து தொறக்க மட்டும்தான், நெட்வொர்க்ல செல்லாது. பாஸ்வேர்டே இல்லாத அக்கவுண்டும் வெளிலேர்ந்து உள்ள விடாது. மெயின் மெஷின்ல பிரிண்டுக்குன்னே தனியா ஒரு லோக்கல் யூசர் போடுங்க, அட்மின் வேண்டாம், பாஸ்வேர்ட் கண்டிப்பா வைங்க. மத்த சிஸ்டத்துல கேக்கும்போது மெயின் மெஷின் பேரு, ஒரு பேக்ஸ்லாஷ், அப்புறம் அந்த யூசர் பேருன்னு குடுத்து 'ரிமெம்பர்' டிக் பண்ணிடுங்க. நெட்வொர்க் செட்டிங் 'பப்ளிக்'ல இல்லாம 'பிரைவேட்'ல இருக்கான்னும் பாருங்க. மெயின் மெஷின் ஸ்லீப் போகாம வைங்க, அது தூங்குனா யாருக்கும் பிரிண்ட் வராது.

மன்னை ஜெராக்ஸ்:
அண்ணே ரொம்ப நன்றி, லேப்டாப்ல உடனே வந்துருச்சு. விண்டோஸ் 7ல உள்ள போவுது, பிரிண்டர் பேரும் தெரியுது, கனெக்ட் குடுத்தா மட்டும் கடைசில '11b'ன்னு முடியிற எரர். யூடியூப்ல ஒருத்தரு அப்டேட்ட தூக்கிடுங்கன்னு சொல்றாரு, தூக்கிடவா?

திருவாரூர் அக்கவுண்ட்ஸ் அக்கா:
அதை மட்டும் பண்ணாதீங்க தம்பி. எங்க ஆபீஸ்லயும் இதே கதைதான். 2021 செப்டம்பர் அப்டேட்டுக்கு அப்புறம் பிரிண்டர் மாட்டியிருக்கற மெஷின், வர்ற கனெக்‌ஷன் என்கிரிப்ட் ஆகி, அதாவது நடுவுல யாரும் படிக்க முடியாதபடி பூட்டி வரணும்னு கேக்க ஆரம்பிச்சுது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோட சாதாரண அப்டேட் நின்னுபோச்சு, அதனால அதுக்கு அப்படிப் பேசத் தெரியல. மெயின் மெஷினோட ரெஜிஸ்ட்ரில, அதான் விண்டோஸோட உள் செட்டிங்ஸ்ல, ஒரு வேல்யூவை 0 ஆக்குனாலும் ஓடும், ஆனா மெயின் மெஷினோட பூட்டையே கழட்டி வைக்கற மாதிரி, ஜனங்களோட ஆதார் பத்திரம்லாம் அதுலதானே இருக்கு. நாங்க பண்ணது இது: விண்டோஸ் 7லயே அந்த மாடலோட டிரைவரை இன்ஸ்டால் பண்ணிட்டு, ஆட் பிரிண்டர்ல நெட்வொர்க் எடுக்காம லோக்கல் பிரிண்டர், நியூ போர்ட், லோக்கல் போர்ட்னு போயி, ரெண்டு பேக்ஸ்லாஷ், மெயின் மெஷின் பேரு, ஒரு பேக்ஸ்லாஷ், ஷேர் பேரு (பிரிண்டரை ஷேர் பண்ணும்போது வச்ச பேரு)ன்னு அடிச்சோம். ஷேர் பேருல நடுவுல இடம் விடாம ஒரே சொல்லா வச்சிக்கோங்க. டெஸ்ட் பேஜ் வர்ற சத்தம் கேட்டப்ப எங்க மேனேஜரே எந்திரிச்சி வந்து பாத்தாரு.

பாபநாசம் கேபிள்:
அண்ணே, பிரிண்டர் பின்னாடி போன் வயர் மாட்டற மாதிரி, ஆனா கொஞ்சம் அகலமா ஒரு ஓட்டை இருக்கா பாருங்க. இருந்தா அது லேன் போர்ட், ஷேரிங்கே வேண்டாம், நேரா ரவுட்டர்ல சொருகிடலாம், எந்த மெஷின் ஆப் ஆனாலும் மத்ததுல பிரிண்ட் வரும். ஆனா ரவுட்டர்ல அந்த பிரிண்டருக்கு ஒரே ஐபியை, அதான் நெட்வொர்க்ல அதோட அட்ரஸ் நம்பரை, ரிசர்வ் பண்ணிடுங்க. நம்ம பக்கம் கரண்ட் போய்ப்போய் வரும், ரவுட்டர் ஒவ்வொரு தடவை எழும்போதும் வேற நம்பர் குடுத்துட்டா மறுபடி முதல்லேர்ந்து தேடணும். அப்புறம் மூணு சிஸ்டத்துலயும் ஆட் பிரிண்டர்ல டிசிபி ஐபி போர்ட்னு எடுத்து அந்த நம்பரைக் குடுங்க.

மன்னை ஜெராக்ஸ்:
அக்கா சொன்ன மாதிரி லோக்கல் போர்ட் போட்டேன், உள்ள இருக்கற மெஷின்லேர்ந்து முதல் சிட்டா இப்பதான் வந்துச்சு, தாள் சூடு ஆறல. கேபிள் அண்ணே, பின்னாடி ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு, பிச்சுப் பாத்தா நீங்க சொன்ன ஓட்டை இருக்கு! ரவுட்டர் மாடில, வயர் சுத்தி வந்தா முப்பது மீட்டர் ஆவும், தாங்குமா?

பாபநாசம் கேபிள்:
லேன் வயர் 100 மீட்டர் வரை தாங்கும்ண்ணே. வெயில் மழை படற எடத்துல மட்டும் பைப்புக்குள்ள விட்டு இழுங்க.