கண் சதை அறுவைக்கு நான்கு மாதம் கழித்தும் கருவிழி ஓரத்தில் வெண்மை: தழும்பா, மறுபடி வளரும் சதையா?

காசிமேடு மகள்

வணக்கம். என் அப்பாவுக்கு வயது 56. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காசிமேட்டிலிருந்து ஃபைபர் படகில் கடலுக்குப் போய் வருகிறார். வலக்கண்ணில் மூக்கை ஒட்டிய பக்கத்திலிருந்து வளர்ந்த சதை கருவிழியின் மேல் ஏறிவிட்டதால், நான்கு மாதங்களுக்கு முன்பு அதை அகற்றி, அதே கண்ணில் மேல் இமைக்கு அடியில் உள்ள பகுதியிலிருந்து எடுத்த மெல்லிய சவ்வை அந்த இடத்தில் ஒட்டினார்கள். கண்ணின் சிவப்பு இப்போது முழுவதும் அடங்கிவிட்டது. ஆனால் சதை ஏறியிருந்த இடத்தில், கருவிழியின் ஓரமாக, அரிசி நொய் அளவுக்கு ஒரு சாம்பல் வெண்மை அப்படியே நிற்கிறது. விடியற்காலையில் துறைமுக விளக்குகளைப் பார்க்கும்போது ஒளி சிதறித் தெரிகிறது என்று அப்பா சொல்கிறார்.

பக்கத்து வீட்டுப் பாட்டி, "கண்ணில் பூ விழுந்துவிட்டது" என்று சொல்லி, நந்தியாவட்டைப் பூச்சாறு விடச் சொல்கிறார். அப்பாவோ, மிச்சமிருக்கும் பழைய சொட்டு மருந்தை மீண்டும் போடுகிறேன் என்கிறார். இது தழும்புதானா, அல்லது சதை திரும்ப வளர்கிறதா? தழும்பு என்றால் காலப்போக்கில் மறையுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை வாசி

அம்மா, இதே அறுவை எனக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. நான்காவது மாதத்தில் நானும் இப்படித்தான் கண்ணாடி முன் நின்று கவலைப்பட்டேன். ஓராண்டு கழிந்தபோது, ஜன்னல் வெளிச்சத்துக்குப் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு அது மங்கியிருந்தது. முழுவதும் போகவில்லை, ஆனால் பார்வைக்கு இடைஞ்சலும் இல்லை.

ராயபுரம் கண் பரிசோதகர்

கண் பரிசோதனைப் பணியில் இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கண்ணை நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

கருவிழி கண்ணாடி போல இருப்பதற்குக் காரணம், அதன் கொலாஜன் இழைகள் பாவு நூல் போலச் சீரான இடைவெளியில் அடுக்கப்பட்டிருப்பதுதான். மேல்தோல் சில நாட்களில் மூடிக்கொள்ளும். ஆனால் அதற்குக் கீழே உள்ள போமன் படலத்தைச் சதை அரித்திருந்தால், அந்தப் படலம் மீண்டும் உருவாவதில்லை. அங்கே காயத்தை ஆற்ற வரும் செல்கள் இழைகளைத் தாறுமாறாகப் போடுகின்றன; அந்தச் செல்களும் ஒளியைச் சிதறடிக்கின்றன. உங்கள் அப்பாவின் கண்ணில் தெரியும் வெண்மை இவ்வாறு வந்ததாக இருக்கலாம். மாதங்கள் செல்லச் செல்ல அந்தச் செல்கள் குறைந்து, இழைகளும் ஓரளவு சீரடைவதால் தழும்பு மெலிகிறது. சதை எவ்வளவு ஆழமாகப் பற்றியிருந்ததோ, அதற்கேற்பத்தான் மிச்சம் நிற்கும். மூக்குக்கண்ணாடி போடும் தேவையை நீக்கச் செய்யும் பி.ஆர்.கே. லேசர் சிகிச்சைக்குப் பின் வரும் மங்கல் வேறு; அது பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் உச்சமடைந்து, பிறகு ஓராண்டுக்குள் தெளிகிறது. அந்தக் கணக்கை இதற்குப் போட்டுப் பார்க்காதீர்கள்.

தழும்பு தட்டையாக இருக்கும், நகராது, அதில் ரத்தக் குழாய் ஓடாது. திரும்ப வளரும் சதையோ சற்றுத் தடித்து, வெள்ளைவிழியிலிருந்து எல்லையைத் தாண்டிக் கருவிழிக்குள் சிவந்த ரத்தக் குழாய்களை இழுத்துவரும். அது வருவதானால் பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள்ளேயே தலைகாட்டும். ஆகவே வாரம் ஒரு முறை, ஒரே ஜன்னலின் அருகில், ஒரே தொலைவில் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். நினைவைவிடப் படத்தை நம்பலாம்.

ஒளி சிதறுவதற்குத் தழும்பு மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. சதை இழுத்து வைத்திருந்த கருவிழியின் வளைவு அறுவைக்குப் பின் மாறுகிறது; அதனால் பழைய கண்ணாடியின் சிலிண்டர் பவர், அதாவது அந்த வளைவின் கோணலைச் சரிசெய்யும் பவர், பொருந்தாமல் போயிருக்கலாம்.

பழைய சொட்டு மருந்தைத் தயவுசெய்து தொடாதீர்கள். அறுவைக்குப் பின் தருவது பெரும்பாலும் ஸ்டீராய்டு. கண்காணிப்பின்றிப் போட்டால் வலியே தெரியாமல் கண் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு கெடலாம். திறந்து ஒரு மாதத்துக்கு மேலான குப்பியில் கிருமியும் சேர்ந்திருக்கலாம். பூச்சாறும் வேண்டாம். பாட்டியின் அக்கறை உண்மையானதுதான், ஆனால் சாற்றோடு பூஞ்சை உள்ளே போனால் புண்ணாகி, இப்போது ஓரத்தில் மட்டும் இருக்கும் தழும்பு நடுக் கருவிழியிலும் வந்துவிடலாம். அறுவை செய்தவரிடமோ, 1819 முதல் இயங்கிவரும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனையிலோ ஸ்லிட் லேம்ப் என்ற, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஒளிக்கருவியில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

காசிமேடு மகள்

ஐயா, மிக்க நன்றி. அறுவை செய்த மருத்துவரிடமே நேற்று போய் வந்தோம். தழும்பு தட்டையாக, எல்லையிலிருந்து உள்நோக்கி ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கிறது. ரத்தக் குழாய் எதுவும் ஏறவில்லை. கண் அழுத்தம் சரியாக இருக்கிறது. நீங்கள் சொன்னபடியே சிலிண்டர் பவர் மாறியிருந்ததால் புதிய கண்ணாடி எழுதிக் கொடுத்தார். கடலில் பக்கவாட்டு வெயிலும் உப்புக் காற்றும் படாதபடி மூடிய கருப்புக் கண்ணாடி போடச் சொன்னார். வலை இழுக்கும்போது உப்பு படிந்த மணிக்கட்டால் கண்ணைத் தேய்க்கும் பழக்கம் அப்பாவுக்கு உண்டு; அதை விடவே முடியாது என்றவர், இன்று காலை படகில் ஒரு வெள்ளைத் துண்டைத் தனியாக எடுத்து வைத்தார். பழைய குப்பியைக் குப்பையில் போட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து மறுபடி அளப்பார்கள். அந்த அளவை இங்கேயே எழுதுகிறேன்.