நல்லதண்ணிக்கு ஓடிப் பழகும்போது ஆச்சி கேட்ட கேள்வி

நாங்கள் பன்னிரண்டு பேர் பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரைக்கும் தொடர் ஓட்டம் ஓடப் போகிறோம். தாமிரபரணி மலையிலிருந்து கடல் வரை 128 கிலோமீட்டர், நாங்கள் ஓடுவது அதன் கரையை ஒட்டிய ரோட்டில், ஆளுக்குப் பத்து பதினொரு கிலோமீட்டர் வரும். சேருகிற பணம் ராதாபுரம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் இருக்கும் குடிநீர் இயந்திரத்தின் பராமரிப்புக்கு. இயந்திரம் வாங்கிக் கொடுக்க ஆள் வந்துவிடுகிறது, உப்பை வடிகட்டுகிற மெம்பிரேன் சவ்வை மாற்ற வேண்டிய நாளில்தான் ஒருத்தரும் இருப்பதில்லை, அப்புறம் அது பூட்டியே கிடக்கும். அதனால்தான் பராமரிப்புக்கென்றே கேட்கிறோம்.

பேட்டன் குச்சிக்குப் பதிலாக, பாபநாசத்தில் ஆற்றுத் தண்ணீர் பிடித்த அரை லிட்டர் பாட்டிலைக் கைமாற்றுவதாகத் திட்டம். பழகிப் பார்த்தபோது பெரிய தொந்தரவாக இருந்தது. முக்கால் பாட்டில் தண்ணீர் உள்ளே அலம்பி அலம்பி மணிக்கட்டை இழுக்கும், வியர்த்த கைக்கு வழுக்கும், இரண்டு தடவை ரோட்டில் விழுந்து உருண்டது.

ஆடி மாதம் அம்மா ஊருக்குப் போயிருந்தேன், அதுவும் ராதாபுரம் பக்கம்தான். பயிற்சியை விடக்கூடாது என்று காலையில் கிளம்பி காற்றாலைகளுக்கு நடுவே போகிற ரோட்டில் ஓடினேன். ஆடிக் காற்றை எதிர்த்து ஓடினால் தெரியும், கால் முன்னால் போகும், உடம்பு நின்ற இடத்திலேயே நிற்கும். எட்டாவது கிலோமீட்டரில் நாக்கு ஒட்டிக்கொண்டது. தெருவோரம் இருந்த அடிபம்பில் கை வைத்தேன்.

"எய்யா, அத வாயில வைக்காத, உப்பு" என்று எதிர் வீட்டு ஆச்சி சத்தம் போட்டார்.

உள்ளே கூப்பிட்டு, வாயில் துணி கட்டியிருந்த பிளாஸ்டிக் குடத்தை அவிழ்த்து, ஒரு சொம்பு மொண்டு கொடுத்தார். வண்டியில் வருகிற நல்லதண்ணி, குடம் 15 ரூபாய். அந்தச் சொம்பைக் குடிக்க எனக்குச் சங்கடமாக இருந்தது, ஆனாலும் குடித்தேன், ஆச்சி இன்னொரு சொம்பும் மொண்டார். அடுப்பில் இருந்த பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டினார், அடியில் சுண்ணாம்பு பூசினது மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. கொதிக்க வைத்துக் குடிங்க என்று யார் யாரோ சொல்லிவிட்டுப் போகிறார்களாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு எங்கே போகும்? ஆவியாகிப் போன தண்ணீருக்கு மிச்சத்தில் உப்பு கூடத்தான் செய்யும். ஃபுளோரைடும் அப்படித்தான், கொதிக்க வைத்துப் போகாது. இதைத் தெரிந்தவர்களாவது சொல்ல வேண்டும், அந்த ஊர்க்காரர்கள் சோம்பேறித்தனத்தால் கொதிக்க வைக்காமல் இருக்கிறார்கள் என்று பேசுவதைக் கேட்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

எதற்கு ஓடுகிறாய் என்று கேட்டார். பாட்டில் விஷயத்தையும் சொன்னேன்.

"கொறையா ஊத்துனா அலம்பத்தான செய்யும். வாய் வரைக்கும் ரொப்பு. நாங்க கொடத்துல வேப்பங்கொழுந்து ரெண்டு கிள்ளிப் போட்டுத்தான் இடுப்புல வைப்போம், ஒரு சொட்டு சிந்தாது."

பதினைந்து லிட்டர் குடம் என்றால் பதினைந்து கிலோ. ஆச்சிக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். இடது இடுப்புப் பக்கம் சேலை நைந்து நூலாகத் தெரிந்தது.

அப்புறம் கேட்டார், "கடக்கரைக்குக் கொண்டுபோயி அந்தத் தண்ணிய என்னய்யா செய்வீங்க?"

"கடல்ல ஊத்திருவோம் ஆச்சி" என்றேன். எல்லோரும் சேர்ந்து ஊற்றுவது போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று முன்பே பேசி வைத்திருந்தோம்.

ஆச்சி குடத்து வாயில் துணியைத் திரும்பக் கட்டிக்கொண்டே, "கடலுக்கு எதுக்குய்யா? இங்க கொண்டா. வாசல்ல நிக்க முருங்கைக்காவது ஊத்தலாம்லா" என்றார்.

பாளையங்கோட்டைக்கு வந்ததும் மற்றவர்களிடம் சொன்னேன். கடலில் ஊற்றுகிற பேச்சை அத்தோடு விட்டுவிட்டோம். கடைசியாக ஓடுகிறவர் பாட்டிலை என்னிடம் தருவார், பைக்கில் நான் கொண்டுபோவேன். வாய் வரை ரொப்பிப் பழகுகிறோம், இப்போது அலம்புவதில்லை, பாட்டிலைச் சுற்றித் துண்டுத் துணி கட்டிய பிறகு வழுக்குவதும் இல்லை. பன்னிரண்டு பேரில் ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஏரலுக்கும் நடுவில் ஓட இன்னும் ஒரு ஆள் குறைகிறது. பத்து கிலோமீட்டரை நடந்தும் ஓடியும் முடிக்க முடிந்தால் போதும், வருகிறவர்கள் சொல்லுங்கள்.